கோடை நேர மாற்றமும் கண்காணிப்பு மென்பொருளின் பொய் எச்சரிக்கைகளும்: திருத்தத்தை எங்கே தொடங்குவது?

மணிக்கூண்டு எழுதியது:

வணக்கம். குறித்த நேரத்தில் இயங்க வேண்டிய பணிகள் இயங்கினவா என்று பார்த்துச் சொல்லும் ஒரு கண்காணிப்பு மென்பொருளைப் பராமரிக்கும் பொறுப்பு அண்மையில் என்னிடம் வந்திருக்கிறது. ஒவ்வொரு பணியும் தொடங்கும்போதும் முடியும்போதும் அதற்கு ஒரு பிங் (சிறு அறிவிப்புச் செய்தி) அனுப்பும். எதிர்பார்த்த நேரத்துக்கு 5 நிமிடம் முன்பிருந்து 15 நிமிடம் பின்பு வரை தொடக்கப் பிங் வராவிட்டால், பணி தவறிவிட்டது என்று எச்சரிக்கை போகும். கண்காணிப்பு சர்வர் யூடிசியில், அதாவது ஆண்டு முழுவதும் மாறாத உலகப் பொது நேரத்தில் ஓடுகிறது. பணிகள் ஓடும் சர்வர்கள் நியூயார்க் நேரத்தில் ஓடுகின்றன. அங்கே கோடை நேரத்துக்காக மார்ச்சில் கடிகாரம் ஒரு மணிநேரம் முன்னே தள்ளப்பட்டு, நவம்பரில் திரும்பப் பின்னே வைக்கப்படும்.

சிக்கல் இதுதான். "30 2 * * *" (தினமும் 02:30க்கு) என்று, பணிகளைக் குறித்த நேரத்தில் ஓட்டும் கிரான் என்ற நிரலில் பதிந்த ஒரு பணி, 2026 மார்ச் 8 அன்று ஓடவில்லை என்று எச்சரிக்கை வந்தது. பணியின் லாகைப் பார்த்தால், அது யூடிசி 07:00 மணி கடந்தவுடன் ஓடி, பிழையின்றி முடிந்திருக்கிறது. மறுநாளிலிருந்து ஒவ்வொரு நாளும் பிங் யூடிசி 06:30க்கு வருகிறது, கண்காணிப்பு மென்பொருளோ 07:30க்குக் காத்திருந்துவிட்டுத் தினமும் தவறாமல் எச்சரிக்கிறது. பணிகளின் அட்டவணை இருக்கும் டேபிளில் நேர மண்டலம் என்ற இடத்தில் "−05:00" (யூடிசிக்கு ஐந்து மணிநேரம் பின்) என்று எழுதப்பட்டிருப்பதைக் கண்டேன். அதை "−04:00" என்று மாற்றினால் எச்சரிக்கை நிற்கும், ஆனால் நவம்பரில் திரும்ப மாற்ற வேண்டியிருக்கும் என்பதும் தெரிகிறது. எல்லாவற்றையும் யூடிசிக்கு மாற்றிவிடுவதா, அல்லது வேறு வழி உண்டா என்று அனுபவமுள்ளவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

நேர்கோடு எழுதியது:

யூடிசிக்கு மாற்றிவிடுங்கள் என்பதே என் பரிந்துரை. பணி சர்வர்களின் நேர மண்டலத்தையும் யூடிசி ஆக்கி, கிரான் வரிகளையும் யூடிசியில் எழுதிவிட்டால், மார்ச்சில் விடுபடும் மணியும் இல்லை, நவம்பரில் இருமுறை வரும் மணியும் இல்லை. ஆண்டு முழுவதும் ஒரு நாளுக்கு 24 மணிநேரம்தான். கண்காணிப்பு மென்பொருளில் ஒரு வரியைக்கூடத் தொட வேண்டியதில்லை.

வரிசைக்காவலர் எழுதியது:

நேர்கோடு சொல்வது ஒரு வகைப் பணிகளுக்கு முற்றிலும் சரி. பழைய லாகுகளை அழிப்பது, பேக்கப் எடுப்பது, இன்டெக்ஸைப் புதுப்பிப்பது போன்றவற்றுக்கு மனிதர்களின் கடிகாரத்தோடு எந்த உறவும் இல்லை. அவற்றை யூடிசியில் வைப்பதே நல்லது. ஆனால் சந்தை திறப்பதற்கு ஒரு மணிநேரம் முன்பு விலைப்பட்டியல் தயாராக வேண்டும், அலுவலகம் திறக்கும்போது அறிக்கை மேசைக்கு வர வேண்டும், உள்ளூர் நாள் முடிந்ததும் அன்றைய கணக்கை மூட வேண்டும் என்ற பணிகளை யூடிசியில் வைத்தால், ஆண்டில் ஏறக்குறைய எட்டு மாதங்கள் சரியாகவும் மீதி மாதங்கள் ஒரு மணிநேரம் பிசகியும் ஓடும். அப்போது பிழை மறையவில்லை. கண்காணிப்பு மென்பொருளிலிருந்து பயனாளரின் மேசைக்கு இடம் மாறியிருக்கிறது, அவ்வளவுதான். அங்கே அதைச் சொல்ல எந்த எச்சரிக்கையும் வராது.

மணிக்கூண்டு அவர்களின் டேபிளில் உள்ள அடிப்படைக் குறை, நேர மண்டலத்தின் இடத்தில் யூடிசி வேறுபாட்டை எழுதி வைத்திருப்பதுதான். "−05:00" என்பது ஒரு குறிப்பிட்ட கணத்தில் கடிகாரம் எவ்வளவு பின்தங்கி இருந்தது என்பதை மட்டும் சொல்கிறது. அது எப்போது மாறும், எந்தச் சட்டத்தின்படி மாறும் என்ற எதுவும் அதில் இல்லை. இணையப் பெயர்களையும் எண்களையும் நிர்வகிக்கும் ஐயானா அமைப்பு வெளியிடும் நேர மண்டலத் தரவுத்தொகுப்பில் "அமெரிக்கா/நியூயார்க்" என்ற பெயருக்குள்தான் அந்த விதிகளெல்லாம் இருக்கின்றன: 2007 முதல் மார்ச் இரண்டாம் ஞாயிறன்று தொடங்கி நவம்பர் முதல் ஞாயிறன்று முடியும் என்பதும், அதற்கு முன்பு வேறு நாட்களில் மாறியது என்பதும் உட்பட. எனவே அந்த இடத்தில் மண்டலத்தின் பெயரை வைத்து, எதிர்பார்ப்பு நேரத்தை ஒவ்வொரு முறையும் புதிதாகக் கணக்கிட வேண்டும். சுருக்கக் குறிகளை மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் ஏற்காதீர்கள். ஐஎஸ்டி என்பது இந்தியாவுக்கும் இஸ்ரேலுக்கும் அயர்லாந்துக்கும் பொது. சிஎஸ்டி என்பது சீனாவுக்கும் வட அமெரிக்க மத்திய மண்டலத்துக்கும் கியூபாவுக்கும் பொது. "இடிசி/ஜிஎம்டி+5" என்ற பெயர் யூடிசிக்கு ஐந்து மணிநேரம் பின்தங்கிய மண்டலத்தைக் குறிக்கிறது என்பதையும் கவனியுங்கள். போசிக்ஸ் என்ற பழைய இயங்குதளத் தரத்தின் வழக்கத்தால் அங்கே கூட்டலும் கழித்தலும் தலைகீழாக இருக்கும்.

ஆனால் பெயரை மாற்றியதோடு மார்ச் 8 அன்று வந்த எச்சரிக்கை தீர்ந்துவிடாது, ஏனென்றால் அதன் காரணம் வேறு. அன்று 02:00 மணிக்குக் கடிகாரம் 03:00க்குத் தாவியது. 02:30 என்ற நேரமே அன்று கிடையாது. அப்படியானால் 02:30க்கு ஓட வேண்டிய பணி என்ன ஆகும்? டெபியன் என்ற லினக்ஸ் இயங்குதளத்தில் வரும் கிரானின் கையேடு இதற்குத் தெளிவாகப் பதில் சொல்கிறது: கடிகாரம் மூன்று மணிநேரத்துக்குக் குறைவாக முன்னே தாவினால், விடுபட்ட இடைவெளியில் ஓடியிருக்க வேண்டிய பணிகள் தாவிய சற்று நேரத்தில் ஓட்டப்படும். கோடை நேரத்தில் 03:00 என்பது யூடிசி 07:00. உங்கள் லாகில் இருப்பதும் அதேதான்.

இப்போது ஜாவாவில் அதே நாளின் 02:30ஐ நியூயார்க் மண்டலத்தில் உருவாக்கிப் பாருங்கள். அது இடைவெளியின் நீளத்தைக் கூட்டி 03:30 என்று தரும், அதாவது யூடிசி 07:30. பைத்தானின் ஜோன்-இன்ஃபோ என்ற நேர மண்டல லைப்ரரியும் இயல்பு நிலையில் பழைய வேறுபாட்டையே வைத்துக்கொள்வதால், யூடிசிக்கு மாற்றும்போது 07:30 என்றுதான் வரும். இரண்டும் அவற்றின் ஆவணங்கள் சொல்கிறபடி சரியாகத்தான் நடக்கின்றன. கன்டெய்னர்களாகக் கட்டிய நிரல்களை ஓட்டி நிர்வகிக்கும் குபர்நெட்டீஸ் பயன்படுத்தும் கோ மொழி கிரான் லைப்ரரியின் ஆவணமோ, முன்னே தாவும் இடைவெளியில் விழும் பணிகள் ஓட்டப்படமாட்டா என்று வெளிப்படையாகவே எச்சரிக்கிறது. ஆக, ஒரே கிரான் வரிக்கு ஒரே நாளில் மூன்று விடைகள்: 07:00, 07:30, ஓட்டமே இல்லை.

கண்காணிப்பு மென்பொருள் இவற்றில் எது நியாயமானது என்று தீர்ப்புச் சொல்லக் கூடாது. பணியை ஓட்டும் ஷெட்யூலர் உண்மையில் என்ன செய்யும் என்பதைத்தான் அது முன்கூட்டிச் சொல்ல வேண்டும். ஆகவே ஒவ்வொரு பணிக்கும் மண்டலப் பெயரோடு, விடுபடும் மணிக்கான நடைமுறை, இருமுறை வரும் மணிக்கான நடைமுறை என்று இரண்டு விவரங்களையும் சேர்த்து வைக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

நேர்கோடு எழுதியது:

மனிதர்களின் கடிகாரத்தோடு கட்டுண்ட பணிகளைப் பற்றிய விளக்கத்தை ஏற்கிறேன். ஆனால் இரண்டு நடைமுறைகளையும் ஒவ்வொரு பணிக்கும் கேட்டால் பயனாளர்கள் எதையாவது தேர்ந்துவிட்டுப் போவார்கள். அதைவிட, 01:00 முதல் 03:00 வரை எந்தப் பணியையும் வைக்கக் கூடாது என்று ஒரு விதி போட்டால் போதாதா?

வரிசைக்காவலர் எழுதியது:

அமெரிக்க மண்டலங்களுக்கு அந்த விதி உதவும், ஆனால் அது எல்லா இடத்துக்கும் பொதுவானதல்ல. ஐரோப்பிய ஒன்றிய நாடுகள் எல்லாம் யூடிசி 01:00க்கு ஒரே கணத்தில் மாறுகின்றன. ஆகவே உள்ளூர் மணி நாட்டுக்கு நாடு வேறுபடும். எகிப்து 2023இல் கோடை நேரத்தைத் திரும்பக் கொண்டுவந்தபோது, ஏப்ரல் கடைசி வெள்ளிக்கிழமை நள்ளிரவில் மாறும்படி விதித்தது. அங்கே அன்று 00:00 என்ற நேரமே இல்லை. நாளின் தொடக்கம் என்றால் 00:00 என்று நிரலில் எழுதி வைத்திருப்பவர்கள் அங்கே மாட்டிக்கொள்வார்கள். ஆஸ்திரேலியாவின் லார்ட் ஹாவ் தீவில் கடிகாரம் ஒரு மணிநேரம் அல்ல, 30 நிமிடம்தான் நகர்கிறது. சமோவா 2011 டிசம்பர் 30ஆம் நாளை முழுவதுமாகத் தாண்டிச் சென்றது.

நடைமுறைகளைப் பயனாளரிடம் கேட்கவும் தேவையில்லை. அவரிடம் கேட்க வேண்டியது, பணியை எந்த ஷெட்யூலர் ஓட்டுகிறது என்பது மட்டுமே. டெபியன் கிரான் என்றால் அதன் நடைமுறை நமக்குத் தெரியும், குபர்நெட்டீஸ் என்றால் அதன் நடைமுறை தெரியும். ஷெட்யூலரின் பெயரிலிருந்து நடைமுறையை எடுத்துக்கொள்வது கண்காணிப்பு மென்பொருளின் வேலை.

மணிக்கூண்டு எழுதியது:

இவ்வளவு விரிவான பதிலுக்கு நன்றி. சோதனைச் சர்வரில் மண்டலப் பெயரைப் புகுத்தியதும் தினசரி எச்சரிக்கை நின்றுவிட்டது. ஆனால் அந்த முயற்சியின்போது வேறொன்று கண்ணில் பட்டது. கடந்த நவம்பர் மாற்ற நாளின் பதிவுகளில் சில பணிகள் ஓடிய காலம் கழித்தலில் இருக்கிறது. ஒரு பணி 01:50க்குத் தொடங்கி 01:10க்கு முடிந்ததாகவும், மைனஸ் 40 நிமிடம் ஓடியதாகவும் பதிவாகியிருக்கிறது. அவற்றைத் திரையில் காட்டாமல் ஒதுக்கும்படி பழைய நிரலில் ஒரு நிபந்தனை இருக்கிறது. அதை அப்படியே விட்டுவிடலாமா?

வரிசைக்காவலர் எழுதியது:

விடவே கூடாது. கழித்தலில் வருவது குறைந்தபட்சம் கண்ணுக்குத் தெரிகிறது. அதே பிழை கூட்டலில் வரும்போதுதான் உண்மையான ஆபத்து. கோடை நேரத்தில் 01:50 என்பது யூடிசி 05:50. இயல்பு நேரத்தில் 01:10 என்பது யூடிசி 06:10. அந்தப் பணி ஓடியது 20 நிமிடம். இப்போது அதே இரவில் 00:40க்குத் தொடங்கி, இரண்டாம் முறை வந்த 01:50க்கு முடிந்த ஒரு பணியை எண்ணிப் பாருங்கள். உள்ளூர் கடிகாரத்தைக் கழித்தால் 70 நிமிடம். உண்மையில் யூடிசி 04:40 முதல் 06:50 வரை, அதாவது 130 நிமிடம். 90 நிமிடத்தைத் தாண்டினால் எச்சரிக்க வேண்டும் என்று விதி வைத்திருந்தால், தொங்கிக் கிடந்த அந்தப் பணி பச்சை நிறத்தில் காட்டப்பட்டிருக்கும். பொய் எச்சரிக்கையைப் பற்றித்தான் எல்லோரும் பேசுகிறார்கள், ஆனால் வர வேண்டிய எச்சரிக்கை வராமல் போவதே ஒரு கண்காணிப்பு மென்பொருளில் மன்னிக்க முடியாத குறை என்று நான் கருதுகிறேன்.

நிரல் பைத்தானில் இருந்தால் இன்னொன்றையும் பாருங்கள். மண்டலம் இணைக்கப்பட்ட இரண்டு நேரங்களைக் கழிக்கும்போது, இரண்டிலும் ஒரே மண்டலப் பொருள் இருந்தால், பைத்தான் யூடிசி வேறுபாட்டைக் கருத்தில் கொள்ளாமல் கடிகார முகத்தை மட்டும் கழிக்கும். அதன் ஆவணத்திலேயே இப்படித்தான் எழுதியிருக்கிறது. ஆகவே மண்டலம் சேர்த்துவிட்டோம், இனிக் கவலையில்லை என்று இருந்துவிட முடியாது. கழிப்பதற்கு முன்பு இரண்டையும் யூடிசிக்கு மாற்ற வேண்டும். 2016இல் வெளிவந்த 3.6ஆம் பதிப்பில் சேர்க்கப்பட்ட "ஃபோல்ட்" என்ற பண்பு, இருமுறை வரும் மணியில் இது முதலாவதா இரண்டாவதா என்பதைச் சொல்லுமே தவிர, இந்தக் கழித்தலைத் திருத்தித் தராது. ஒரே செயல்முறைக்குள் அளப்பதாக இருந்தால் மோனோடோனிக் கடிகாரத்தைப் பயன்படுத்துங்கள். அது பின்னோக்கிச் செல்வதே இல்லை.

தரவுமேடை எழுதியது:

இழையில் இதுவரை யாரும் தரவுத்தளத்தைத் தொடவில்லை. பெரும்பாலான நேரப் பிழைகள் கடைசியில் அங்கேதான் நிரந்தரமாகின்றன என்பதால் சிலவற்றைச் சொல்கிறேன்.

போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தில் மண்டலத்துடன் கூடிய டைம்ஸ்டாம்ப் (நேர முத்திரை) என்ற வகைக்குப் பெயர் அப்படி இருந்தாலும், அது மண்டலத்தைச் சேமிப்பதில்லை. உள்ளே யூடிசி கணம் மட்டுமே இருக்கும். வெளியே காட்டும்போது அந்த இணைப்பின் மண்டல அமைப்புக்கு மாற்றிக் காட்டும். நடந்து முடிந்த பிங்குகளுக்கு இது பொருத்தமான வகை. பணியின் மண்டலப் பெயர் தேவையென்றால் அதற்குத் தனியாக ஒரு நெடுவரிசை வேண்டும். இன்னொரு நுட்பமும் உண்டு: அந்த வகையோடு "ஒரு நாள்" கூட்டினால் உள்ளூர்க் கடிகாரத்தில் அதே மணிக்குப் போகும், "24 மணிநேரம்" கூட்டினால் அப்படியே 24 மணிநேரம் நகரும். மாற்ற நாளில் இரண்டும் ஒரு மணிநேரம் விலகும். எந்த உள்ளூர் என்பதை இணைப்பின் மண்டல அமைப்பு முடிவு செய்வதால், ஒரே வினவல் உங்கள் மடிக்கணினியில் ஒரு விடையும் சர்வரில் வேறு விடையும் தரக்கூடும். கண்காணிப்பு மென்பொருளின் எல்லா இணைப்புகளிலும் மண்டலத்தை யூடிசி என்று வெளிப்படையாக அமைத்துவிட்டு, நாள் கூட்டும் கணக்கை நிரலில் வைத்துக்கொள்வது பாதுகாப்பு.

மைஎஸ்கியூஎல் தரவுத்தளம் என்றால், டைம்ஸ்டாம்ப் வகை இணைப்பின் மண்டலத்திலிருந்து யூடிசிக்கு மாற்றிச் சேமிக்கும். டேட்டைம் வகை கொடுத்ததை அப்படியே வைத்துக்கொள்ளும். இணைப்பு நியூயார்க் மண்டலத்தில் இருக்கும்போது நவம்பர் மாற்ற நாளில் 01:30 என்று எழுதினால், அது எந்த 01:30 என்று தரவுத்தளத்தால் அறிய முடியாது. இணைப்பின் மண்டலம் "+00:00" ஆக இருந்தால் இந்த ஐயத்துக்கே இடமில்லை. டைம்ஸ்டாம்ப் வகை 2038 ஜனவரி 19க்கு மேல் போகாது என்பதையும், நீண்டகாலத் திட்டங்களை அதில் வைப்பவர்கள் மனத்தில் கொள்ள வேண்டும்.

எதிர்பார்ப்பு நேரத்தைப் பொறுத்தவரை வரிசைக்காவலர் சொன்னதோடு உடன்படுகிறேன். நடந்தது கணம், அதை யூடிசியில் வையுங்கள். நடக்க வேண்டியது ஒரு விதி. அதை கிரான் வரியும் மண்டலப் பெயருமாக வையுங்கள். அடுத்த ஓட்டத்தின் யூடிசி நேரத்தை வேகத்துக்காக ஒரு நெடுவரிசையில் எழுதி வைக்கலாம், ஆனால் அதை மூலமாக நம்பக் கூடாது.

கலன்கட்டி எழுதியது:

அந்தக் கடைசி வரியை நான் இன்னும் அழுத்திச் சொல்வேன், ஏனென்றால் விதிகளே மாறுகின்றன. லெபனானில் 2023 மார்ச் மாதம் கோடை நேரத்தைத் தள்ளிவைப்பதாக அரசு கடைசி நேரத்தில் அறிவித்தது. அதற்கேற்ப நேர மண்டலத் தரவுத்தொகுப்பின் 2023பி பதிப்பு வந்தது. பிறகு முடிவு திரும்பப் பெறப்பட்டது. சில நாட்களிலேயே 2023சி வந்தது. மெக்சிகோவின் பெரும்பகுதி 2022 அக்டோபரில் கோடை நேரத்தைக் கைவிட்டது. ஆறு மாதங்களுக்கு முன்பே கணக்கிட்டு யூடிசியில் எழுதி வைத்த எதிர்பார்ப்பு நேரங்கள் இத்தகைய நாட்களில் அத்தனையும் பொய்யாகிவிடும். எந்தப் பதிப்பை வைத்துக் கணக்கிட்டோம் என்பதையும் அருகில் எழுதி வைத்து, பதிப்பு மாறியதும் எதிர்காலத்தில் உள்ள எல்லாவற்றையும் மறுபடி கணக்கிடும்படி செய்யுங்கள்.

எந்தப் பதிப்பு என்ற கேள்விக்கு ஒரு சர்வரில் ஒரே விடை இருக்கும் என்றும் எண்ணிவிடாதீர்கள். இயங்குதளத்துக்கு ஒரு பிரதி, ஜாவாவுக்குள் ஒரு பிரதி, மைஎஸ்கியூஎலின் டேபிள்களில் தனியாக ஏற்றப்பட்ட ஒரு பிரதி, கோ நிரலுக்குள் பொதிந்து வைத்தால் அங்கே ஒரு பிரதி என்று பல இருக்கும். இயங்குதளத்தைப் புதுப்பித்ததால் மற்றவை புதுப்பிக்கப்பட்டுவிடாது. பணியை ஓட்டும் கிரான் புதிய விதியைப் பின்பற்ற, கண்காணிப்பு மென்பொருளின் ஜாவா பழைய விதியைப் பின்பற்றினால், இருவரும் தத்தம் அளவில் சரியாக இருந்தும் பொய் எச்சரிக்கை வரும்.

கன்டெய்னர்களில் இன்னொரு பொறி இருக்கிறது. ஆல்பைன் என்ற சிறிய லினக்ஸின் அடிப்படைப் படிமத்தில் (கன்டெய்னரை உருவாக்கும் அச்சில்) நேர மண்டலத் தரவு இயல்பாக இருப்பதில்லை. டிஇசட் என்ற சூழல் மாறியில் நியூயார்க் என்று எழுதினாலும், எந்தப் பிழைச்செய்தியும் இல்லாமல் யூடிசியில் ஓடும். அண்மைக் கால டெபியனிலும் உபுண்டுவிலும் "யூஎஸ்/ஈஸ்டர்ன்" போன்ற பழைய பெயர்கள் தனிப் பொதிக்கு நகர்த்தப்பட்டிருக்கின்றன. அந்தப் பொதி இல்லாத படிமத்தில் அந்தப் பெயர் செல்லாது. கண்காணிப்பு மென்பொருள் தொடங்கும்போதே, பதிவில் உள்ள எல்லா மண்டலப் பெயர்களையும் ஒருமுறை ஏற்றிப் பார்த்து, ஏற்ற முடியாதது ஒன்று இருந்தாலும் உரக்கச் சொல்லிவிட்டு நின்றுவிட வேண்டும். அமைதியாக யூடிசிக்குத் திரும்புவதைப் போன்ற தீமை வேறில்லை.

குபர்நெட்டீஸில் கிரான்ஜாப் எனப்படும் நேர அட்டவணைப் பணிக்கான நேர மண்டலப் புலம் 1.27 பதிப்பில் நிலைபெற்றுவிட்டது. அதை நிரப்பாமல் விட்டால், கட்டுப்பாட்டு மேலாளர் ஓடும் கணினியின் மண்டலமே எடுத்துக்கொள்ளப்படும். அது பணியை எழுதியவருக்குத் தெரிந்திருக்க வாய்ப்பில்லை. அட்டவணை வரிக்குள்ளேயே மண்டலத்தை முன்னொட்டாக எழுதும் பழைய தந்திரம் அதிகாரபூர்வமாக ஆதரிக்கப்படுவதில்லை. அப்படி எழுதியவற்றைப் புலத்துக்கு மாற்றிவிடுங்கள்.

நேர்கோடு எழுதியது:

அடிக்கடி ஓடும் பணிகளைப் பற்றி ஒரு கேள்வி. கையேடு சொல்வதுபோல் டெபியன் கிரான் இருமுறை வரும் மணியில் பணியை மறுபடி ஓட்டுவதில்லை என்றால், "*/15 * * * *" (15 நிமிடத்துக்கு ஒருமுறை) என்ற பணி நவம்பரில் ஒரு மணிநேரம் முழுக்க ஓடாமல் இருக்குமா? அப்படியானால் அந்த மணிநேரத்துக்கு எச்சரிக்கையை அணைத்து வைக்க வேண்டுமா?

வரிசைக்காவலர் எழுதியது:

இருக்காது. அந்தச் சிறப்பு நடைமுறை குறிப்பிட்ட நேரத்தில் ஓடும் பணிகளுக்கு மட்டுமே. மணியின் இடத்திலோ நிமிடத்தின் இடத்திலோ நட்சத்திரக்குறி இருந்தால், பணி கடிகாரத்தைப் பின்பற்றி இடைவிடாமல் ஓடும். ஆகவே நீங்கள் சொன்ன பணி நவம்பர் 1 அன்று 01:00, 01:15, 01:30, 01:45 ஆகிய நேரங்களில் இரண்டிரண்டு முறை ஓடும். யூடிசியில் பார்த்தால் வழக்கம்போல 15 நிமிடத்துக்கு ஒரு முறை. இங்கே எச்சரிக்கையை அணைத்தால் உண்மையான தவறுகள் மறைந்துவிடும். மாறாக, "30 1 * * *" என்ற பணி முதல் 01:30க்கு, அதாவது யூடிசி 05:30க்கு ஒரு முறை மட்டும் ஓடும்; அதற்கடுத்த ஓட்டம் மறுநாள் யூடிசி 06:30க்கு. இடையில் 25 மணிநேரம். முந்தைய பிங்கிலிருந்து 24 மணிநேரம் எண்ணும் எளிய கண்காணிப்பு அந்த நாளில் தவறாமல் பொய் சொல்லும்.

கண்காணிப்பு மென்பொருள் இந்த வேறுபாட்டை கிரான் வரியிலிருந்தே அறிய வேண்டும். எழுத்தில் சிறியதாகத் தெரிந்தாலும், நான் பார்த்த வரையில் மிக அதிகமாக விடுபடும் இடம் இதுதான்.

சோதனையாளர் எழுதியது:

இவற்றையெல்லாம் மாற்ற நாள் வரும்வரை காத்திருந்து பார்க்கக் கூடாது என்பதால் சோதிக்கும் முறையைச் சொல்கிறேன். முதலில், நிரலில் "இப்போது மணி என்ன" என்று கேட்கும் எல்லா இடங்களையும் ஒரே கடிகாரப் பொருளின் வழியாகச் செல்லும்படி மாற்றுங்கள். பைத்தானில் யூடிசி-நவ் என்ற செயற்கூற்றை இதோடு நீக்கிவிடலாம். அது மண்டலம் இல்லாத நேரத்தைத் தருவதால் 3.12 பதிப்பிலிருந்து தவிர்க்கச் சொல்லப்பட்டிருக்கிறது. பிறகு சோதனையில் அந்தக் கடிகாரத்தை 2026 மார்ச் 7 முதல் 9 வரை நிமிடம் நிமிடமாக நகர்த்தி, எதிர்பார்ப்பு நேரங்களின் பட்டியலையும் எச்சரிக்கைகளின் பட்டியலையும் எடுத்துப் பாருங்கள். அக்டோபர் 31 முதல் நவம்பர் 2 வரை அதையே திரும்பச் செய்யுங்கள்.

மண்டலங்களைப் பொறுத்தவரை நியூயார்க்கும் லண்டனும் மட்டும் போதா. 30 நிமிடத்துக்கு லார்ட் ஹாவ், நள்ளிரவு மாற்றத்துக்கு கெய்ரோ, 5:45 என்ற வேறுபாட்டுக்கு காட்மாண்டு, மாற்றமே இல்லாததற்கு டோக்கியோ ஆகியவற்றைச் சேருங்கள். நியூயார்க்கையும் லண்டனையும் சேர்த்துச் சோதிக்கும்போது, 2026 மார்ச் 8க்கும் 29க்கும் இடையில் அவற்றின் வேறுபாடு ஐந்து மணிநேரத்திலிருந்து நான்காகக் குறைவதையும், அக்டோபர் 25க்கும் நவம்பர் 1க்கும் இடையில் மறுபடி அப்படி ஆவதையும் கட்டாயம் சேருங்கள். ஒரு நகரத்தின் பணி முடிந்ததும் மற்ற நகரத்தின் பணி தொடங்க வேண்டும் என்ற சங்கிலிகள் அந்த வாரங்களில்தான் அறுகின்றன.

ஷெட்யூலரின் உண்மையான நடத்தையை ஆவணத்தை மட்டும் நம்பி எழுதாமல், ஒரு தனி மெய்நிகர் கணினியில் ஓட்டிப் பார்த்து உறுதி செய்யுங்கள். அங்கே நேர ஒத்திசைவை நிறுத்திவிட்டு, கடிகாரத்தை மாற்றத்துக்கு ஐந்து நிமிடம் முன்பு வைத்து, அதன் பிறகே கிரானைத் தொடங்க வேண்டும். கிரான் ஓடிக்கொண்டிருக்கும்போது கடிகாரத்தை நகர்த்தினால், மூன்று மணிநேரத்துக்கு மேற்பட்ட நகர்வை அது கடிகாரத் திருத்தமாக எடுத்துக்கொண்டு வேறு விதமாக நடக்கும். குறைவான நகர்வை, நீங்கள் சோதிக்க விரும்பும் மாற்றத்தோடு குழப்பிக்கொள்ளும்.

மணிக்கூண்டு எழுதியது:

அனைவருக்கும் நன்றி. இதுவரை செய்தவற்றைப் பதிகிறேன். அட்டவணை டேபிளில் மண்டலப் பெயரும் ஷெட்யூலரின் பெயரும் இப்போது கட்டாயப் புலங்கள். பிங்குகள் யூடிசியில் சேமிக்கப்படுகின்றன. ஓடிய காலம் யூடிசியில் கழிக்கப்படுகிறது. கழித்தல் காலங்களை ஒதுக்கிய பழைய நிபந்தனையை நீக்கி, கழித்தல் வந்தால் அதுவே ஒரு பிழையாகப் பதிவாகும்படி மாற்றியிருக்கிறேன். மார்ச் 8ஐச் சோதனைக் கடிகாரத்தில் ஓட்டியபோது 07:00 என்ற எதிர்பார்ப்பு சரியாக வந்தது, எச்சரிக்கை எழவில்லை.

இரண்டு ஐயங்கள் மீதமிருக்கின்றன. பழைய பதிவுகளில் உள்ளூர் நேரம் மட்டும் இருக்கிறது. அவற்றை யூடிசிக்கு மாற்றும்போது நவம்பர் மாற்ற நாட்களில் 01:00 முதல் 02:00 வரை உள்ளவற்றை என்ன செய்வது? எச்சரிக்கைச் செய்தியில் எந்த நேரத்தைக் காட்டுவது?

தரவுமேடை எழுதியது:

முதலாவதற்கு, வரிகள் செருகப்பட்ட வரிசையில் ஏறும் தொடர் எண் இருந்தால் அதைப் பிடித்துக்கொள்ளுங்கள். அந்த நாளின் வரிகளைத் தொடர் எண்படி அடுக்கினால், உள்ளூர் நேரம் ஓரிடத்தில் 01:59இலிருந்து 01:00க்குப் பின்வாங்கும். அதற்கு முன்னுள்ளவை கோடை நேரம், பின்னுள்ளவை இயல்பு நேரம். பிங்குகள் அடிக்கடி வரும் டேபிளில் இந்தக் கோடு மிகத் தெளிவாகத் தெரியும். பிங்குகள் குறைவாக இருந்து கோடு தெரியாவிட்டால், 15 நிமிடத்துக்கு ஒருமுறை ஓடும் வேறொரு பணியின் வரிகளை அளவுகோலாக வைத்துக்கொள்ளலாம். அப்படியும் முடிவு செய்ய இயலாதவற்றை ஊகித்து எழுதாமல், தெளிவற்றது என்று ஒரு குறி இட்டு, சராசரி ஓட்டக் காலக் கணக்கிலிருந்து விலக்கி வையுங்கள். மாற்றும் முன்பு பழைய நெடுவரிசையை அழித்துவிட வேண்டாம். புதியது நெடுநாள் நிலைபெறும் வரை இரண்டும் அருகருகே இருக்கட்டும்.

வரிசைக்காவலர் எழுதியது:

இரண்டாவதற்கு என் பரிந்துரை, இரண்டு நேரங்களையும் காட்டுவதே. பணியின் உள்ளூர் நேரத்தை யூடிசி வேறுபாட்டோடும் மண்டலப் பெயரோடும் முதலில் காட்டி, யூடிசியை அடுத்துக் காட்டுங்கள். "01:30" என்று மட்டும் வரும் எச்சரிக்கை நவம்பர் மாற்ற இரவில் எதையும் சொல்லாது; "01:30 −04:00, அமெரிக்கா/நியூயார்க்" என்று வந்தால், தூக்கத்திலிருந்து எழுந்து பார்ப்பவருக்கும் அது முதல் 01:30 என்பது உடனே தெரியும். மண்டலப் பெயரையும் சேர்த்து இயந்திரம் படிக்கும்படி அனுப்ப 2024இல் வந்த ஆர்எஃப்சி 9557 என்ற இணையத் தர ஆவணம் ஒரு வடிவத்தை வரையறுத்திருக்கிறது. பழைய ஆர்எஃப்சி 3339 வடிவத்தின் பின்னால் மண்டலப் பெயரைச் சதுர அடைப்புக்குள் சேர்ப்பதுதான் அது.

கட்டாயப் புலங்களைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். ஏற்கெனவே பதிவில் உள்ள "−05:00" வரிகளையெல்லாம் தானாக நியூயார்க் என்று மாற்றிவிடாதீர்கள். ஜமைக்காவும் பனாமாவும் ஆண்டு முழுவதும் −05:00இல் இருக்கின்றன. அங்கே கோடை நேர மாற்றம் கிடையாது. சிகாகோவும் கோடையில் −05:00 ஆகிவிடும். அந்தப் பணி எந்தச் சர்வரில் ஓடுகிறதோ, அதன் மண்டல அமைப்பைப் படித்து நிரப்புங்கள். அதைப் படிக்க முடியாத இடங்களில், மார்ச் மாற்றத்துக்கு முன்னும் பின்னும் வந்த பிங்குகளின் யூடிசி மணியை ஒப்பிட்டுப் பாருங்கள்: மார்ச் 8 மாற்றத்துக்குப் பின் யூடிசியில் ஒரு மணிநேரம் முன்னதாக வரத் தொடங்கியிருந்தால் அமெரிக்க விதியைப் பின்பற்றும் மண்டலம், நகராமல் இருந்தால் மாற்றமில்லாத மண்டலம். அந்த ஒப்பீட்டையும் பணியின் உரிமையாளரிடம் காட்டி, அவர் ஒப்புக்கொண்ட பிறகு பெயரை எழுதுங்கள். உரிமையாளர் யாரென்றே தெரியாத பணிகள் சில எஞ்சும். அவற்றுக்கு மட்டும் கட்டாயத்தைத் தளர்த்தி, புலத்தைக் காலியாக விட்டு, மண்டலம் உறுதி செய்யப்படவில்லை என்று திரையில் வெளிப்படையாகக் காட்டுங்கள்.